கோடு எழுதுகிறவருக்கு என்ன வேண்டும்?

ராஜபாளையம் என்றதும் நூற்பாலையும் பேண்டேஜ் துணியும்தான் நினைவுக்கு வரும். ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பதிவு அலுவலகமும் இதே ஊரில்தான் இருக்கிறது. 1936-ல் ராஜபாளையம் மில்ஸில் தொடங்கிய ராம்கோ குழுமம், 1992-ல் ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஆராய்ச்சிப் பிரிவு வழியாக மென்பொருளில் இறங்கியது. 1997-ல் அந்தப் பிரிவு தனி நிறுவனமானது. சம்பளப் பட்டுவாடா முதல் விமானப் பராமரிப்பு வரை இன்று பல நாடுகளில் அதன் மென்பொருள் ஓடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் கிருஷ்ணன்கோவில். 1984-ல் அங்கே பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பை முடித்து, வேலை ஆர்டரோடு பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறுகிறார்கள். சம்பளம் கல்விக்கடனை அடைக்கிறது, வீட்டை நிமிர்த்துகிறது. அது பெரிய காரியம். ஆனாலும் சில வருடங்களில் பலருக்கு வேலை அலுத்துப்போகிறது. ஏன்?

அமெரிக்க ஆய்வாளர்கள் ஹேக்மனும் ஓல்டாமும் 1976-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். பல திறமைகளுக்கு இடம், ஒன்றை முழுசாகச் செய்து முடிக்கும் வாய்ப்பு, அதனால் பிறருக்குப் பயன், முடிவெடுக்கும் உரிமை, செய்தது எப்படி இருக்கிறது என்று தெரியவருவது: இந்த ஐந்தும் இருந்தால் வேலையில் ஈடுபாடு வரும். இதே அளவுகோலால் கணினித் துறையினரை ஆராய்ந்த கூகரும் சவாக்கியும் 1980-ல் நூல் வெளியிட்டார்கள். கற்று வளர வேண்டும் என்ற வேட்கை மற்ற துறையினரைவிட இவர்களிடம் அதிகம் என்பது அவர்கள் கண்டது.

அந்த வேட்கையோடு வருகிறவரிடம் வருடக்கணக்கில் புகார் டிக்கெட்டுகளை மட்டும் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? மென்பொருளில் ஒரு பிழையைச் சரிசெய்கிறார். அது யாருடைய சிரமத்தைத் தீர்த்தது என்று அவருக்குத் தெரிவதில்லை. அப்ரைசலில் வரும் உயர்வு இந்தக் குறையை ஈடுகட்டாது.

டீம் லீடர்கள் இதை மாற்ற முடியும். சிறியதாக இருந்தாலும் ஒரு பகுதியை முழுசாக ஒருவர் பொறுப்பில் விடுங்கள். கிளையன்ட் பேசும் கூட்டத்தில் கோடு எழுதியவரையும் உட்காரவையுங்கள். புதிதாகக் கற்க வேலை நேரத்திலேயே இடம் கொடுங்கள். வேலை தேடும் பிள்ளைகளும் நேர்முகத் தேர்வில் சம்பளத்தோடு இதையும் கேட்க வேண்டும்: “நான் எழுதப்போவதை யார் பயன்படுத்துவார்கள்? அவர்களோடு நான் பேச முடியுமா?”