கலைநூலகரும் அவர்தம் கவலைகளும்

ஓவியம் கண்ணுக்கு விருந்து. நூல் கருத்துக்கு விருந்து என்று பிரித்துப் பேசுதல் எளிது. ஆயின், இவ்விரு விருந்தும் ஒருங்கே நிகழும் இடம் ஒன்றுண்டு. அதுவே கலைநூலகம். ஓவியம், சிற்பம், கட்டடம், கைவினை ஆகியவை பற்றிய நூல்களையும் படங்களையும் தொகுத்து வைத்திருக்கும் இத்தகைய நூலகங்கள் மேனாடுகளிலே பல்கலைக்கழகங்களையும் அரும்பொருட்காட்சிச் சாலைகளையும் சார்ந்து விளங்குகின்றன. அவற்றைக் காப்போர் தமக்கெனச் சங்கங்கள் அமைத்து, ஆண்டுதோறும் கூடித் தம் தொழிலைப்பற்றி ஆராய்கின்றனர். நூலகர் கூடினர் என்றவுடன், புத்தகம் எண்ணுவோர் கூடிக் கணக்குப் பேசினர் போலும் என்று நம்மவர் சிலர் நகைக்கக்கூடும். அங்கே பேசப்படுவன நகைத்துவிட்டுப் போகத்தக்க செய்திகள் அல்ல.

பிரித்தானியக் கலைநூலகர் 1969 ஆம் ஆண்டிலே சங்கம் கண்டனர். மூன்றாண்டு கழித்து, 1972 இல், யூடித் ஹொப்பேர்க் என்னும் நூலக அம்மையாரின் முயற்சியால் வட அமெரிக்கக் கலைநூலகச் சங்கம் தோன்றியது. கண்டமோ பெரிது, எல்லாரும் ஓரிடத்திற் கூடுவதற்குச் செலவு மிகும். ஆதலால், நியூயோர்க்குக்கு ஒன்று, தென்கிழக்கு மாநிலங்களுக்கு ஒன்று, டெக்சாசுக்கும் மெக்சிக்கோவுக்கும் சேர்த்து ஒன்று என்றவாறு வட்டாரக் கிளைகள் அமைந்தன. கிளைக் கூட்டம் பெருந்திருவிழாவன்று. ஓர் ஊரிலே கூடுவர், அவ்வூர்க் காட்சிச்சாலையையும் அதன் நூலகத்தையும் சுற்றிப் பார்ப்பர், கட்டுரை படிப்பர், சந்தாக் கணக்கை நோக்குவர், பயணச் செலவுக்கு வழியில்லாத மாணவர்க்கு உதவித்தொகை ஒதுக்குவர். வந்திருப்போருட் பலர் தத்தம் நிறுவனத்திலே இத்தொழிலுக்குத் தனியொருவராய் இருப்பவர். தம் இடர்ப்பாட்டை விளக்கவேண்டாமலே விளங்கிக்கொள்ளும் ஒருவரை அவர் காண்பது அங்கேதான்.

அவர்தம் கவலைகள் பல. எனினும், அவற்றின் ஆணிவேர் ஒன்றே என்பது என் துணிபு. ஒரு நூலின் அருகில் எந்த நூல் இருத்தல் வேண்டும், அஃது அங்கேயே நிலைத்திருக்குமா என்பதே அது.

இதனை விளக்குதற்கு ஹம்பூர்க் நகரத்து அபி வார்பூர்க் என்பாரின் வரலாற்றைச் சிறிது விரித்துரைத்தல் தகும். அவர் 1866 இல் வங்கித்தொழிற் குடும்பமொன்றிலே தலைமகனாய்ப் பிறந்தார். பதின்மூன்று வயதில், தம் மூத்தோனுரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகத் தாம் வேண்டும் நூலையெல்லாம் வாங்கித்தரவேண்டும் என்று அவரிடம் உறுதிபெற்றார் என்பர். சில பாட நூல்களோடு இது முடிந்துவிடும் என்று தம்பியார் எண்ணியிருக்கவேண்டும். வாங்கிய நூல்களோ பல பதினாயிரமாயின. அவற்றை வார்பூர்க் அடுக்கிய முறைதான் புதுமை. ஆசிரியர் பெயர், நூலின் அளவு, வாங்கிய ஆண்டு ஆகிய எதனையும் அவர் பொருட்படுத்திலர். வானநூலின் அருகே மந்திர நூலும், அதனருகே ஓவிய நூலும் இருக்கும். நீ தேடிவந்த நூலைவிட உனக்கு வேண்டிய நூல் அதன் அயலில் உள்ளது என்பது அவர் கொள்கை. 'நல்லயலார் நெறி' என்று அதனைக் கூறுவர். ஆராய்ச்சி வளர வளர அடுக்கும் மாறும். முந்திய ஆண்டு வந்து பழகியவர் மறு ஆண்டு வந்து திகைப்பதுமுண்டு!

வார்பூர்க் 1929 இல் மறைந்தார். 1933 இல் ஹிட்லர் ஆட்சி வந்தது. யூதர் ஒருவரின் நூலகம் ஹம்பூர்க்கில் இனி வாழாது என்பதனை உணர்ந்த பிரிட்ஸ் சாக்சலும் கெர்ட்ரூட் பிங் அம்மையாரும், அவ்வாண்டு டிசெம்பரிலே, ஏறக்குறைய 60,000 நூல்களை 531 பெட்டிகளில் அடைத்து, இரு சிறு கப்பல்களில் இலண்டனுக்கு அனுப்பினர். 1944 இல் இலண்டன் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. அத்துடன் இடர் தீர்ந்ததா? இல்லை. ஏற்றுக்கொண்டபொழுது எழுதிய நம்பிக்கைப் பொறுப்பு உறுதியின் பொருள் யாது என்ற வழக்கு 2014 இல் இலண்டன் உயர்நீதிமன்றம் வரை சென்றது. தனி நூலகமாய்ப் பேணவும், அதற்கு வேண்டிய பொருளுதவி செய்யவும் பல்கலைக்கழகம் கடமைப்பட்டது என்று நீதிபதி தீர்த்தார். நூல்கள் பிரிந்து பொதுக்கடலிற் கலந்துவிடும் என்ற அச்சமே அவ்வழக்கினூடே ஒலித்தது.

அயல் நூலைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். இலக்கணம் கற்பவன் நூற்பெயர் அறிந்து நூல் கேட்பான். சித்திரம் கற்பவனுக்குத் தான் தேடுவதன் பெயர் தெரியாது, கண்டாற்றான் தெரியும். அவன் பக்கம் புரட்டிப் பார்ப்பவன். ஒரு தட்டு முழுவதையும் இழுத்து இழுத்துப் பார்த்து, வந்த காரியத்தை மறந்து, வேறொன்றைக் கண்டு மகிழ்ந்து செல்பவன். பெயர்ப்பட்டியல் எவ்வளவு சிறந்ததாயினும் அவனுக்கு அது பாதித் துணையே.

ஆயினும், பெயர் இன்றியமையாதது. கலைப் பொருள்களுக்குப் பெயரிடுவதில் ஊருக்கு ஊர் வேறுபாடு மிகுதி. ஒருவர் ஜாடி என்பதை மற்றவர் குடம் என்பர். இக்குழப்பம் நீங்கும்பொருட்டு 1970 களின் இறுதியில் அமெரிக்க அறிஞர் சிலர் தொடங்கிய சொற்றொகுதி, கெற்றி அறக்கட்டளையின் ஆதரவு பெற்று, 1990 இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. கலை, கட்டடக்கலைச் சொற்களின் நிகண்டு என்று அதனைக் கூறலாம். இன்று அது கணினி வழியே பயன்படுகின்றது. சொற்களை அஃது அகரநிரலில் மட்டும் அடுக்குவதன்று. பொருள், மூலப்பொருள், தொழில், தொழில் செய்வோர், குணம், பாணியும் காலமும், கருத்து எனக் கூறுகூறாகப் பகுக்கின்றது. இவ்வாறு கூறுபடுத்தும் முறையை நூலகவியலில் நிலைநாட்டியவர் யார்? சீர்காழியில் 1892 இற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்து, 1933 இலே தம் வகுப்புமுறையை வெளியிட்ட எஸ். ஆர். இரங்கநாதனே. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் எனப் பெயர்ச்சொல்லை ஆறாக வகுக்கும் நன்னூல் கற்ற மாணாக்கனுக்கு இந்த அடுக்கைக் கண்டவுடன் பழகிய முகம் ஒன்றைக் கண்டது போலிருக்கும். இரங்கநாதன் பவணந்தியாரிடம் கடன்பெற்றார் என்று நான் சொல்லவரவில்லை. ஒற்றுமையைக் கண்டு மகிழ்வதற்கு உரிமையுண்டு. அமெரிக்க நிகண்டிலே இடப்பெயர் மட்டும் இல்லை. அதற்கு வேறொரு தனித்தொகுதி செய்திருக்கின்றனர்.

வகுத்தபின்னும் நூல் ஓரிடத்தில் மட்டும் அமைதியாக இருப்பதில்லை. நம் ஆனந்த குமாரசுவாமி இயற்றிய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலை எடுத்துக்கொள்வோம். 1908 இலே, இங்கிலாந்தில், வில்லியம் மொறிஸ் தம் சோசர் பதிப்பை அச்சிட்ட அதே கையச்சுப்பொறியில், குமாரசுவாமியே மேற்பார்த்து 425 படிகள் மட்டும் அச்சிடுவித்தார். இதனை இலங்கைக் கலையிற் சேர்ப்பதா? கைவினையிற் சேர்ப்பதா? அச்சுக்கலையின் அரும்பேறாகப் பூட்டிவைப்பதா? பூட்டிவைத்தால் நூல் பிழைக்கும். ஆனால் கண்டியக் கைவினைஞரைப் பற்றிப் படிக்கவந்தவன் அதன் முதுகைக்கூடக் காணமாட்டான். இத்தகைய வழக்குகளை நூலகர் நாள்தோறும் தீர்க்கின்றனர். நூலறிவு மட்டும் இதற்குப் போதாது. வருபவன் இன்னான் என்று ஊகிக்கும் அறிவும் வேண்டும்.

நூல் என்று பெயர்பெறாத ஏடுகளின் கதை இன்னும் நுட்பமானது. கண்காட்சி அழைப்பிதழ், நான்கு பக்க விலைப்பட்டியல், ஏலக்காரர் வெளியிட்ட விவரணப்பட்டியல் ஆகியன கடையில் விற்கப்படுவன அல்ல, படித்தவுடன் எறியப்படுவன. அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பது பித்தர் செயல் போலத் தோன்றும். ஒல்லாந்தரான பிரிட்ஸ் லுக்ட் என்பவர் 1600 முதல் 1925 வரை நடந்த கலைப்பொருள் ஏலங்களின் பட்டியல்களைத் திரட்டி, எந்தப் படி எந்த நூலகத்தில் உள்ளது என்பதனையும் குறித்துச் சென்றார். அவருடைய முதற்றொகுதி 1938 இல் வந்தது. இறுதித் தொகுதி அவர் மறைந்தபின் 1987 இல் வந்தது.

இப்பித்தின் பயன் என்ன என்பதைக் காலம் காட்டியது. நாசிகள் ஆண்ட 1933 முதல் 1945 வரையான காலத்தில், யூதக் குடும்பங்களிடம் பறித்தனவும் அவர்களை நெருக்கி விற்கச் செய்தனவுமாகிய ஓவியங்கள் எண்ணிலவாய் ஏலத்திற்கு வந்தன. 1998 இல் 44 நாடுகள் வாஷிங்டனிற் கூடி, அவற்றை இனங்கண்டு உரியவர்க்கு நீதி செய்ய முயல்வதென இசைந்தன. எதனைக் கொண்டு இனங்காண்பது? வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. ஏலப்பட்டியலின் ஓரத்திலே யாரோ ஒருவர் பென்சிலால் எழுதிய விலையும் வாங்கியவர் பெயருமே சில வேளை எஞ்சிய சான்று. ஹைடில்பேர்க் பல்கலைக்கழக நூலகம், பேர்லின் கலைநூலகத்தோடும் கெற்றி ஆராய்ச்சி நிலையத்தோடும் சேர்ந்து, 1930 முதல் 1945 வரை வெளிவந்த 3,000 இற்கும் மேற்பட்ட அத்தகைய பட்டியல்களை இணையத்தில் எவரும் காணுமாறு வைத்துள்ளது. ஓர் ஏட்டை எறியாது வைத்த நூலகரின் கை, அறியாத பேரனொருவனுக்குப் பாட்டனின் சுவரை மீட்டுக் கொடுக்கின்றது.

இதற்கு முன்னரே, 1943 இல், நியூயோர்க்கிலுள்ள பிரிக் கலைநூலகம் ஆறு மாதம் வாசகர்க்குக் கதவடைத்தது. ஐரோப்பாவின் கோயில்களும் கலைக்கூடங்களும் எங்கெங்கு உள்ளன என்று அங்குள்ள நூல்களைக் கொண்டு படங்கள் வரைந்து, குண்டு வீசும் விமானிகள் அவற்றை இயன்றவரை தவிர்ப்பதற்காகப் படையினர்க்கு அளித்தனர்.

சிலைட்டுகளின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லலாம். கலைவரலாற்றுப் பேராசிரியர் இரு படங்களை அருகருகே திரையிட்டு ஒப்பிடுவது ஒரு நூற்றாண்டு வழக்கம். கோடக் நிறுவனம் 2004 இல் சிலைட்டுக் கருவி செய்வதை நிறுத்தியது. அதே ஆண்டில் ஆர்ட்ஸ்ரோர் என்னும் கணினிப் படத்தொகுதி தோன்றியது. அதுவும் தனித்தளமாக நில்லாது 2024 இலே ஜேஸ்ரோர் என்னும் தளத்துடன் இணைந்துவிட்டது. நிறைந்த சிலைட்டுப் பேழைகளை என்செய்வது என்ற கேள்வியை மட்டும் நூலகரிடம் விட்டுச் சென்றனர்.

நீரைப் பற்றிய அச்சமும் இவர்களுக்குப் பிறரினும் மிகுதி. படம் தெளிவாய் விழுதற்பொருட்டுக் கலைநூற்றாளுக்கு வெண்களிமண் பூசுவர். அத்தாள் நனைந்து உலருமாயின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நூல் செங்கல் போலாகிவிடும். பிறகு எக்கைவன்மையாலும் பிரிக்க இயலாது. உலருமுன் உறையவைத்தல் வேண்டும். 2005 இல் கத்ரீனாப் புயலால் நியூ ஓர்லியன்ஸ் நகரம் மூழ்கியபொழுது, துலேன் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையிலே எட்டடிக்கு மேல் நீர் நின்றது. அங்கிருந்தது இசை நூலகம். நிலவறையில் இடம் ஒதுக்குபவர் இசைவாணரோ நூலகரோ அல்லர் என்பதனையும் இங்கே நினைத்தல் தகும்.

நீரினும் நெருப்பினும் அமைதியாய் வருவது நிருவாகத்தின் இடநெருக்கடி. நெருப்பை 1981 இல் யாழ்ப்பாணத்திற் கண்டு, 97,000 வரையிலான நூல்களை இழந்த நமக்கு இரண்டும் ஒன்றல்ல என்பது நன்கு தெரியும். எனினும், தட்டு வெறுமையாவது வெறுமையாவதே. டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை நூலகத்தின் ஒரு மாடி 2016 இல் கணினிக் கைப்பணிக்கூடமும் வகுப்பறையுமாயிற்று. அடுத்த ஆண்டு ஐந்தாம் மாடியையும் காலி செய்து, நூல்களைத் தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்கு அனுப்பும் எண்ணம் எழுந்தது. இரவல் குறைந்துவிட்டது என்பது இத்தகைய எண்ணங்களுக்குச் சொல்லப்படும் வழமையான காரணம். நிருவாகிகளைக் குறைகூறுவது எளிது. புதிய பாடங்களுக்கு அறை வேண்டும் என்பதும் மெய்யே. ஆனால் கலைநூலை அளக்க இரவற்கணக்கு பொருந்தாத கோல். இருவர் தூக்கவேண்டிய நூலை எவர் வீட்டுக்குக் கொண்டுசெல்வர்? அங்கேயே மேசையில் விரித்துப் பார்த்தவனின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பேராசிரியரும் மாணவரும் விண்ணப்பம் எழுதினர். கூட்டம் கூடிப் பேசினர். 2018 ஏப்ரிலில் கல்லூரித் தலைவர், ஐந்தாம் மாடியில் நூல்கள் இருக்கும் என்று அறிவித்தார்.

எல்லா இடத்திலும் அவ்வாறு முடிவதில்லை. பிலடெல்பியாவில், 1876 இற் தொடங்கிய பள்ளியின் வழிவந்த கலைப் பல்கலைக்கழகம், 2024 மே 31 ஆம் திகதி மூடும் செய்தியை வெளியிட்டு, யூன் 7 ஆம் திகதி கதவடைத்தது. ஒரு தட்டைச் சரிபார்ப்பதற்கே ஏழு நாள் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 1871 இல் நிறுவிய கலைக்கல்லூரி 2022 இலே நின்றுபோயிற்று. அதன் சுவரிலே தியேகோ ரிவேரா 1931 இல் தீட்டிய பெருஞ்சித்திரம் இருப்பதால், அக்கட்டடத்தைப் பற்றி உலகம் பேசியது. கல்லூரியின் அழைப்பிதழ்களையும் கடிதங்களையும் நிழற்படங்களையும் காப்பதற்கு மட்டும், அவற்றின் அருமையறிந்த சிலர் தனி அறக்கட்டளையொன்று அமைத்துப் பொறுப்பேற்றனர்.