டூல் ரெடி, டிஸ்கிரிப்ஷன் ரெடியா?

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு டூல் பத்திதான். பேரு 'அப்டேட் ப்ராஜெக்ட்'. எந்த ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆப் எடுத்தாலும் இந்த வேலை இருக்கும்: ப்ராஜெக்ட்டோட பேர், ஸ்டேட்டஸ், டெட்லைன், மெம்பர்ஸ் இதையெல்லாம் மாத்துறது. அதை மனுஷங்களுக்குப் பதிலா ஒரு ஏஐ ஏஜென்ட் பண்ணப் போகுதுன்னு வெச்சுக்கோங்க.

ஒரு மேனேஜர், "கவிதாவையும் இந்த ப்ராஜெக்ட்ல சேர்த்துடு"ன்னு சொல்றாங்க. ஏஜென்ட் மெம்பர்ஸ் லிஸ்ட்ல கவிதாவோட ஐடி மட்டும் போட்டு டூலைக் கூப்பிடுது. சர்வர் 200 ஓகே சொல்லுது. ஏஜென்ட்டும் "சேர்த்தாச்சு"ன்னு பதில் சொல்லுது. ஆனா ஏற்கனவே அதுல இருந்த 8 பேரும் காலி! அந்த ஏபிஐ-ல லிஸ்ட் அனுப்பினா, பழைய லிஸ்ட் போய் புதுசு மட்டும்தான் நிக்கும். எர்ரரும் கிடையாது, அலர்ட்டும் கிடையாது. திங்கட்கிழமை காலைல ஒவ்வொருத்தரா "எனக்கு ப்ராஜெக்ட்டே காட்டலையே"ன்னு மெசேஜ் போடும்போதுதான் விஷயம் வெளிய வரும்.

இதுல மாடல் முட்டாள்னு சொல்லிட்டுப் போறது ஈஸி. ஆனா அதுக்கு என்ன தெரியும்னு பாருங்க. 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி, அதாவது மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால்படி எழுதின டூலா இருந்தா, மாடலுக்கு முக்கியமா கிடைக்கிறது மூணு விஷயம்: டூலோட பேர், டிஸ்கிரிப்ஷன், என்னென்ன இன்புட் குடுக்கலாம்னு சொல்ற ஸ்கீமா. உங்க சர்வர் கோடு அதுக்குத் தெரியாது. ஒரு புது டெவலப்பரா இருந்தா போஸ்ட்மேன்ல ஒரு தடவை அடிச்சுப் பார்ப்பாங்க, இல்லேன்னா பக்கத்து சீட்ல கேப்பாங்க. ஏஜென்ட், எழுதினதைப் படிக்கும். எழுதாததை யூகிக்கும்.

யூகிக்கிறதுக்கு இங்க நிறைய இடமும் இருக்கு. அப்டேட்ங்கிற ஒரே வார்த்தைக்கு வெப் உலகத்துலயே பல அர்த்தம். ஹெச்டிடிபி-ல 'புட்'னா முழுசையும் மாத்தி வை. 'பேட்ச்'னா குறிப்பிட்ட பகுதியை மட்டும் மாத்து. இதுக்கான ஆர்எஃப்சி 5789 வந்தது 2010-ல. அந்தப் பகுதியை எப்படி எழுதி அனுப்புறதுங்கிறதுக்கே தனித்தனி ஃபார்மட் இருக்கு. 2014-ல வந்த ஜேசன் மெர்ஜ் பேட்ச், ஆர்எஃப்சி 7396, ஒரு ஃபீல்டை அனுப்பலேன்னா அதைத் தொடாது. 'நல்' அனுப்பினா அந்த ஃபீல்டையே நீக்கிடும். லிஸ்ட் அனுப்பினா மொத்தமா மாத்திடும். நம்ம கவிதா கதை ஸ்டாண்டர்ட்படியே நடக்கக்கூடியதுதான்!

அதனால 'ப்ராஜெக்ட்டை அப்டேட் செய்யும்'னு ஒத்தை வரி டிஸ்கிரிப்ஷன் போதாது. எனக்குப் பிடிச்ச மாதிரி எழுதினா இப்படி இருக்கும்: "ஏற்கனவே உள்ள ப்ராஜெக்ட்டை மாற்றும், புதிதாக உருவாக்காது. அனுப்பாத ஃபீல்டுகள் அப்படியே இருக்கும். டெட்லைனை நீக்க நல் அனுப்பவும். மெம்பர்ஸ் அனுப்பினால் பழைய லிஸ்ட் முழுவதும் போய்விடும். ஒருவரைச் சேர்க்க, முதலில் தற்போதைய லிஸ்ட்டை எடுத்து, அதோடு சேர்த்து முழுசாக அனுப்பவும். ஐடி தெரியாவிட்டால் தேடல் டூலைப் பயன்படுத்தவும், யூகிக்க வேண்டாம்."

அந்த மெம்பர்ஸ் வரியை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. இவ்ளோ எச்சரிக்கை தேவைப்படுதுன்னாலே டிசைன்ல ஏதோ இடிக்குதுன்னு அர்த்தம். 'மெம்பரைச் சேர்', 'மெம்பரை நீக்கு'ன்னு தனித்தனியா பிரிச்சுட்டா அந்த வரியே வேண்டாம். லிஸ்ட்டை எடுத்துட்டு திருப்பி அனுப்புறதுக்குள்ள வேற யாராவது ஒரு ஆளைச் சேர்த்தா அவங்க காணாமப் போற தொல்லையும் இல்ல. டாக்குமென்டேஷன் எழுத உட்கார்ந்தா டிசைன் ஓட்டை தெரியும். எனக்கு இதுதான் அந்த வேலையிலேயே பெரிய லாபம்.

தேதி ஃபார்மட், ஸ்டேட்டஸ்ல எந்தெந்த மதிப்பு செல்லும், இதெல்லாம் ஸ்கீமாவுலயே போட்டுடுங்க. டிஸ்கிரிப்ஷன் மாடலோட கான்டெக்ஸ்ட்ல இடம் பிடிக்கும், டோக்கனுக்குக் காசு போகும். பத்து பக்க மேனுவல் எழுதிடாதீங்க!

எர்ரர் மெசேஜும் டாக்குமென்டேஷன்தான். "தவறான இன்புட்"னு வந்தா மாடல் என்ன பண்ணும்? "ஸ்டேட்டஸ்ல 'முடிஞ்சது' செல்லாது, ஆக்டிவ், பாஸ்ட், கம்ப்ளீட்டட் மட்டும்"னு வந்தா அதுவே திருத்திக்கிட்டு திரும்ப முயற்சி பண்ணும்.

எம்சிபி-ல 'டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட்'னு ஒண்ணு இருக்கு, இந்த டூல் ஏற்கனவே இருக்கிறதை அழிக்கலாம்னு சொல்றதுக்கு. போடுங்க, ஆனா அதை நம்பி உட்காராதீங்க. பேர்லயே ஹின்ட்னுதான் இருக்கு. நம்பகமான சர்வர்ல இருந்து வந்தா தவிர, க்ளையன்ட் அதை நம்பக் கூடாதுன்னு ஸ்பெக்கே சொல்லுது. பெர்மிஷன் செக், ஆடிட் லாக், பழைய லிஸ்ட்டைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வழி, இதெல்லாம் சர்வர் பக்கம்தான் இருக்கணும்.

எழுதி முடிச்சதும், கோடு பார்க்காத ஒரு ஃப்ரெண்டு கிட்ட டிஸ்கிரிப்ஷனை மட்டும் குடுங்க. "டெட்லைனை எடுத்துடணும், மத்தது மாறக் கூடாது. என்ன அனுப்புவ?"ன்னு கேளுங்க. அவங்க "வெறும் கோட்ஸ் போடணுமா, நல் போடணுமா?"ன்னு திருப்பிக் கேட்டா, அந்த வரியை இன்னும் எழுதலைன்னு அர்த்தம்.