ஆலோசகருக்கு யார் சொல்லித் தருவது?

எங்க முத்தியால்பேட்டையில் வயல் கிடையாது. கடைத்தெருவும் நெருக்கமான வீடுகளும்தான். ஆனா இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கியது இதே புதுச்சேரியில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆண்டு 1974. இன்று காமராஜர் பெயரில் குரும்பாபேட்டில் இயங்குகிறது.

1964-66 கோத்தாரி கல்விக்குழு, கிராமப்புறத்துக்குத் தனியாக வேளாண் தொழிற்பயிற்சி வேண்டும் என்றது. அதற்கான வடிவத்தைத் தீர்மானிக்க, 1973-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மோகன் சின்ஹா மேத்தா தலைமையில் ஒரு குழு போட்டது. முதல் நிலையத்தை நடத்தும் பொறுப்பு கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போனது. இப்போ நாடு முழுக்க 700-க்கும் மேல் இருக்கு.

இந்த நிலையங்கள் மூன்று தரப்புக்குப் பயிற்சி தரணும்: விவசாயிகள், கிராமத்து இளைஞர்கள், விரிவாக்கப் பணியாளர்கள். நாம் அதிகம் பேசாதது மூன்றாவது தரப்பை. என்னைக் கேட்டால் முக்கியமானதே அதுதான்.

ஏன்னு கேட்டா, கணக்கைப் பாருங்க. 2003-இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம், விவசாயக் குடும்பங்கள் புதிய தொழில்நுட்பத் தகவலை எங்கே பெறுகின்றன என்று விசாரித்தது. வேளாண் அறிவியல் நிலையத்தைச் சொன்னவர்கள் 0.7 சதவீதம். விரிவாக்கப் பணியாளரைச் சொன்னவர்கள் 5.7. உரம், பூச்சிமருந்து விற்கும் கடைக்காரரைச் சொன்னவர்கள் 13.1. பக்கத்து வயல்காரரைப் போன்ற முன்னோடி விவசாயிகளைச் சொன்னவர்கள் 16.7.

ஆக, மாவட்டத்துக்கு ஒரு நிலையம் எல்லா விவசாயியையும் நேரில் தொட முடியாது. விவசாயி யாரிடம் போய்க் கேட்கிறாரோ, அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கணும்.

தெரியாவிட்டால் என்ன ஆகும்? பாகூர் பக்கம் ஒருத்தர், "நெல்லு மஞ்சளாகுது"ன்னு வந்து நிற்கிறார்னு வைங்க. அடி இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை, யூரியா போடலாம். இளம் இலை வெளுத்தால் இரும்பு அல்லது கந்தகக் குறையாக இருக்கலாம். செம்மஞ்சளாகி, பயிர் குட்டையாக நின்றால் துங்ரோ வைரஸ். அதைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. அதற்கும் யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் தளதளன்னு ஆகி, பூச்சிக்குத்தான் விருந்து. கடையில் உட்கார்ந்தபடி சொன்ன ஒரு வார்த்தையில் ஒரு போகமே போய்விடும்.

இந்த வித்தியாசத்தைப் படக்காட்சி போட்டுப் புரிய வைப்பது கஷ்டம். வயலில் இறங்கி, செடியைப் பிடுங்கி, இலையைப் புரட்டிப் பார்க்கணும். மேத்தா குழு 'செய்து கற்றல்' முறையை அடிப்படையாக வைத்த காரணமும் இதுதான். நிலையத்துக்குச் சொந்தப் பண்ணை இருப்பது அழகுக்கு இல்லை, அதுதான் வகுப்பறை.

கடைக்காரரை ஒதுக்கவும் முடியாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-இல் அவர்களுக்கென ஒரு டிப்ளமோ தொடங்கியது. 48 வாரம், வாரத்தில் ஒரு நாள். 40 வகுப்பு, 8 களப் பயணம். கடையை மூடாமலே படிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனா விற்பவரே ஆலோசகராகவும் இருக்கும்போது, "இதுக்கு மருந்தே வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு மனசு வரணும். அதை எந்தப் பாடத்திட்டமும் உத்தரவாதம் தராது. அதனால்தான் விற்பனை இல்லாத உழவர் உதவியக அலுவலரின் பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்கிறேன்.

ஒரு பயிற்சி நிலையத்தை மதிப்பிடும்போது எத்தனை பேர் வந்து போனார்கள் என்று மட்டும் கேட்காதீங்க. வந்து போனவரிடம் அடுத்த பருவத்தில் ஒரு மஞ்சள் இலையைக் காட்டுங்க. "வயலைப் பார்த்துட்டுச் சொல்றேன், வாங்க போலாம்"னு கிளம்பினால் பயிற்சி பலிச்சிருக்கு.