எவ்லின்: ஒரு பெயரும் அதற்குப் பொருள் தந்த வாழ்வும்



திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கும் பங்குத்தந்தையர் எல்லாரும் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பார்கள். ஒரு காலத்தில் நம் வீடுகளில் பெண் குழந்தை பிறந்தால் ஆரோக்கியமேரி, லூர்துமேரி, சவேரியம்மாள், அந்தோணியம்மாள் என்று பெயர் வைத்தார்கள். பாட்டியின் பெயர் பேத்திக்கு வந்தது. ஒரே தெருவில் நான்கு ஆரோக்கியமேரிகள் இருந்தாலும் யாரும் குறைபட்டுக் கொண்டதில்லை. இன்று நிலைமை வேறு. "யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும்" என்று பெற்றோர் விரும்புகிறார்கள். இணையத்தில் பட்டியல் பட்டியலாகத் தேடுகிறார்கள். எழுத்தைக் கூட்டிக் குறைத்து எண்கணிதம் பார்க்கும் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியுள்ளது.

பெயர் அரிதாக இருப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு பெயருக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு விடை காண, நம் பங்குகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும் ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். அது எவ்லின். ஈவ்லின், இவெலின் என்றும் எழுதுவார்கள். இந்தப் பெயருக்கும் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கும் ஓர் உறவு உண்டு.

பெயர் வந்த வழி

கி.பி. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அவர்களோடு வந்த பெண் பெயர்களுள் ஒன்று 'அவெலின்'. பழைய ஜெர்மானிய மொழிகளில் வழங்கிய 'அவா' என்ற பெயரைச் செல்லமாக நீட்டியதே இது. நாளடைவில் பெண் பெயராக இதன் வழக்கு குறைந்து, 'எவ்லின்' என்ற குடும்பப் பெயராக நிலைத்தது. 17-ஆம் நூற்றாண்டில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஜான் எவ்லின் அப்படிப்பட்ட குடும்பப் பெயர் கொண்டவர்.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. தாய்வழிக் குடும்பத்தின் பெயரை மகனுக்கு வைக்கும் வழக்கத்தால் எவ்லின் ஆண் பெயராயிற்று. 1930-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த ஆங்கில நாவலாசிரியர் எவ்லின் வா ஓர் ஆண். 1928-இல் அவர் மணந்த பெண்ணின் பெயரும் எவ்லின்தான்! எனினும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இது பெரும்பாலும் பெண் பெயராகி விட்டது. அமெரிக்காவில் 1910-களில் மிகப் பரவலாக வைக்கப்பட்ட பெண் பெயர்களுள் இதுவும் ஒன்று. பின்னர் பல பத்தாண்டுகள் பழைய காலத்துப் பெயர் என ஒதுக்கப்பட்டு, 2010-களின் இறுதியில் மறுபடியும் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. நாகரிகம் என்பது இவ்வளவுதான். ஒரு தலைமுறை தள்ளியதை மற்றொரு தலைமுறை தேடி எடுக்கிறது.

ஏவாளும் எவ்லினும்

எவ்லின் என்றால் என்ன பொருள்? ஆசைப்பட்டுப் பெற்றவள் என்பார் சிலர். பிரெஞ்சு மொழியில் 'அவெலின்' என்பது ஒருவகைக் கொட்டையின் பெயராகவும் இருப்பதால் அதனோடு இணைப்பார் வேறு சிலர். 'அவா' என்ற வேர்ச்சொல்லின் பொருளே தெளிவாக இல்லை என்பதே அறிஞர்களின் முடிவு. நம் வீடுகளிலோ ஒலி ஒற்றுமையால் ஏவாளை நினைத்துக்கொள்கிறோம். தொடக்கநூலின்படி ஏவாள் என்ற பெயர் வாழ்வோடு தொடர்புடையது. உயிருள்ளோர் அனைவருக்கும் அவர் தாய். வரலாற்றின்படி இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஆயினும் ஏவாளை நினைத்து வைப்பதால் குற்றமில்லை. பெல்ஜியம் நாட்டு லியேஜ் நகரில் வாழ்ந்த அருளாளர் ஏவா, புனித ஜூலியானாவின் தோழி. நற்கருணைப் பெருவிழாவுக்காக உழைத்தவர். 1264-இல் திருத்தந்தை நான்காம் உர்பான் அந்தப் பெருவிழாவைத் திருச்சபை முழுமைக்கும் நிறுவியபோது இந்த ஏவாவுக்குத் தனிக் கடிதம் அனுப்பினார்.

நம் முன்னோர்கள் பெயரின் பொருளைத் தமிழிலேயே சொல்லிவிடுவார்கள். பேதுரு என்றால் பாறை, எனவே இராயப்பர். பவுல் என்றால் சிறியவர், எனவே சின்னப்பர். லாசர் என்றால் இறைவன் துணை செய்தார் என்று பொருள். எனவே 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டன் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவி பார்கவி, தெரேசா என்பதற்கு இணையாக ஞானப்பூ என்ற அழகிய, அரிய பெயரைப் பெற்றார். ஆனால் எவ்லின் என்ற பெயரை அப்படித் தமிழாக்க வழியில்லை. அகராதியில் உறுதியான பொருள் இல்லாத பெயர் அது. அந்தப் பெயரோடு கொல்லிமலைக்கு ஏறி வந்த ஒரு பெண், தம் வாழ்வாலேயே அதற்குப் பொருள் எழுதினார்.

கொல்லிமலைக்கு வந்த எவ்லின்

கொல்லிமலை என்றதும் நமக்கு வல்வில் ஓரியும், சங்கப் பாடல்கள் சொல்லும் கொல்லிப்பாவையும் நினைவுக்கு வரும். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்திலேயே ஏறிவிடலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தோ, டோலியிலோதான் ஏற வேண்டும். மலேரியாவுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே தங்கத் தயங்கினர்.

எவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் 1879-இல் இங்கிலாந்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். ஓவியம் கற்றவர். பாப்டிஸ்ட் சபையின் நற்செய்திப் பணியாளராகத் தமிழகம் வந்து, கொல்லிமலையில் பணியாற்றிய ஜெஸ்ஸி பிராண்டை 1913-இல் மணந்தார். வாழவந்தியில் குடியேறிய இருவரும் மருந்து கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள், தொழில் கற்றுக்கொடுத்தார்கள். நரம்புச் சிலந்தி நோய் அப்போது மலைமக்களை வாட்டி வந்தது. நோயாளி படியிறங்கித் தண்ணீரில் கால் வைத்தால் புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அதைக் குடிப்பவருக்கும் நோய் வரும். எனவே நீரில் யாரும் கால் வைக்காதபடி கிணறுகளைக் கல்சுவர் வைத்துக் கட்டச் சொன்னார்கள்.

பல ஆண்டுகள் மக்கள் அவர்களுடைய போதனையை ஏற்கவில்லை. கொள்ளைக் காய்ச்சல் பரவிய ஒரு சமயத்தில், அவர்களை எதிர்த்து வந்த பூசாரி ஒருவர் நோயில் விழுந்தார். எல்லாரும் அஞ்சி ஒதுங்கியபோது இந்தத் தம்பதியர் அவரைப் பார்க்கச் சென்றனர். சாகும் தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அந்தப் பெண் குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். விவிலியத்தில் ரூத், அந்நிய மக்களைத் தம் மக்களாக ஏற்றுக்கொண்ட பெண். குழந்தைக்கு வைத்த அந்தப் பெயர், வளர்த்த தாய்க்கும் பொருந்தியது.

1929-இல் ஜெஸ்ஸி பிராண்ட் கொடிய காய்ச்சலால் இறந்தார். அப்போது மகன் பவுலும் மகள் கோனியும் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தனர். துயரத்தோடு தாய்நாடு சென்ற எவ்லின் அங்கேயே தங்கிவிடவில்லை. இந்தியாவுக்குத் திரும்பினார். எழுபது வயதை நெருங்கியபோது சபை அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஓய்வு பெற்றவர் ஊருக்குப் போகவில்லை, மலைக்குப் போனார்! கொல்லிமலையிலும் சுற்றியுள்ள மலைத்தொடர்களிலும் மட்டக்குதிரை மீதேறி ஊர் ஊராகச் சென்றார். பலமுறை விழுந்து எலும்பு முறிந்தும், இரு கைகளிலும் மூங்கில் கழி ஊன்றி நடந்தார். தம் கடைசி ஆண்டுகளில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று அவருடைய மகன் எழுதியிருக்கிறார். அழகைத் தீட்டக் கற்ற ஓவியர், தம் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் மலைமக்கள்.

1974 டிசம்பரில், 95 வயதில் அவர் இறந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார். கொல்லிமலையில் வளர்ந்த மகன் பவுல் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார்.

1976-இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்கு ஆங்கிலத்தில் வைத்த தலைப்பு 'கிரானி பிராண்ட்', அதாவது பிராண்ட் பாட்டி. அந்தத் தலைப்பில் எவ்லின் என்ற பெயர் இல்லை. பெற்றோர் வைத்த பெயரை மறைத்துக்கொண்டு, அன்பு வைத்த பெயர் முன்னே வந்து நின்றது.

திருச்சபை சொல்வது என்ன?

அவர் கத்தோலிக்கர் அல்லவே என்று சிலர் கேட்கலாம். பிரிந்த சகோதரர்களிடம் காணப்படும் உண்மையான கிறிஸ்தவ நலன்களைக் கத்தோலிக்கர் மகிழ்ச்சியோடு ஏற்று மதிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் கற்பித்தது. எனவே இந்தப் பாட்டியிடம் நாமும் பாடம் கற்கலாம்.

பெயர் பற்றிய திருச்சபைச் சட்டம் என்ன? 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பங்குத்தந்தை குழந்தைக்குக் கிறிஸ்தவப் பெயர் வைக்கப்படுவதை உறுதிசெய்ய வேண்டும். பெற்றோர் இணங்காவிட்டால் அவர்கள் சொல்லும் பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். நம் குடும்பங்களில் பலருக்கு 'திருமுழுக்குப் பெயர்', 'கூப்பிடும் பெயர்' என்று இரண்டு இருப்பது இதற்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 855-ஆம் விதி, கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் வைக்கப்படாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே எவ்லின் போன்ற பெயருக்குத் தடையில்லை. அதோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்ப்பது நம் முன்னோர் காட்டிய நல்வழி. பாதுகாவலரின் முன்மாதிரியும் பரிந்துரையும் குழந்தைக்குத் துணை என்று மறைக்கல்வி ஏடு நமக்கு நினைவூட்டுகிறது. கடவுள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறார், எனவே ஒவ்வொரு பெயரும் புனிதமானது என்றும் அது கற்பிக்கிறது. அப்படியிருக்க, எழுத்தின் எண்ணிக்கையில் அதிர்ஷ்டம் தேடுவது அந்த அழைப்பில் நம்பிக்கை வைக்காததற்கு ஒப்பாகும்.

பெற்றோர்களே, ஞானப்பெற்றோர்களே,

உங்கள் குழந்தைக்கு அரிய பெயரைத் தேடுங்கள், தவறில்லை. ஆனால் பெயரைத் தேர்ந்தபின், அந்தப் பெயரைத் தாங்கி நல்வாழ்வு வாழ்ந்த ஒருவரையும் தேடிக் கண்டுபிடியுங்கள். அவருடைய கதையைக் குழந்தைக்குச் சொல்லி வளருங்கள். "உன் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று பள்ளியில் யாராவது கேட்டால், எவ்லின் என்ற சிறுமி அகராதியைத் தேட வேண்டாம். "என் பெயருடைய ஒரு பாட்டி, ஓய்வு வயதிலும் ஏழைகளுக்காக மலை ஏறினார்" என்று சொல்லட்டும்.

ஏற்கெனவே பெயர் வைத்து வளர்ந்துவிட்ட நமக்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. நம் பெயரைப் பெற்றோர் எழுதிக் கொடுத்தார்கள். அதன் பொருளை நாம்தான் எழுதி வருகிறோம். நம் பெயரைச் சொன்னதும் நம் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும், நம்மிடம் உதவி கேட்டு வந்தவர்களுக்கும் எது நினைவுக்கு வருகிறது? இந்த வாரம் திருப்பலியில் அமைதியாக அமரும் நேரத்தில் இதைச் சிந்திப்போம். பெயர் சொல்லி அழைத்த ஆண்டவர், அந்தப் பெயருக்கேற்ற வாழ்வையும் நமக்கு அருள்வாராக!