ஊவாவின் பத்தனைகள்: ‘தரிசு’ எனப்பட்ட நிலத்தின் உயிர்கள்

தொல்காப்பியர் கருப்பொருளை வகுக்கையில் மா, மரம், புள் என்பவற்றோடு மக்களின் தொழிலையும் ஒருங்கு வைத்தார். நிலத்தின் உயிர்களை உழைப்பிலிருந்து பிரித்து நோக்காத இப்பார்வை, ஊவாவின் பத்தனைகளை விளங்கிக்கொள்ளவும் நமக்குத் துணைபுரியும்.

தேயிலைத் தோட்டங்களுக்கு இடையேயும் மேலேயும் விரிந்து கிடக்கும் புல்வெளிகளே பத்தனைகள். வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் உள்ளவை உலர் பத்தனைகள். ஒஹியாவுக்கு மேலே, ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்தில், ஹோர்ட்டன் சமவெளியில் பரந்திருப்பது ஈரப் பத்தனை.

உலர் பத்தனையில் முதலில் அறியவேண்டியது மானாப் புல். அதன் இலையைக் கசக்கினால் நறுமணம் எழும். புல்லிடையே நெல்லி, கடுக்காய், தான்றி ஆகியன ஆங்காங்கே தனித்து நிற்கும். இதற்குக் காரணம் தீயாகும். கச்சான் காற்று வீசும் யூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் புல் காய்ந்து எரிகின்றது. காட்டு மரக்கன்றுகள் மடிய, மண்ணுள் வேர் கொண்ட புல்லும் தடித்த பட்டையுடைய மரங்களும் பிழைக்கின்றன. புதரின் உச்சியில் அமர்ந்து, பூச்சியைக் கண்டதும் நிலத்தில் பாயும் சிறு கரும்பறவையையும் இங்குக் காணலாம். சிறகிலுள்ள வெள்ளைத் திட்டு அதன் அடையாளம்.

ஈரப் பத்தனையில் முறுகிய அடிமரமும் செந்நிறப் பூங்கொத்தும் கொண்ட காட்டுப் பூவரசு நிற்கும். காட்டோரத்தில், ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சியின் இனமாகிய நெலு 2013இல் பூத்தது. மாலையில் மரைகள் காட்டைவிட்டு வெளிவந்து மேயும். பாதையில் மரை மயிர் கலந்த எச்சம் கிடப்பின், சிறுத்தை அவ்வழி சென்றதென ஊகிக்கலாம்.

இத்தகைய நிலங்களையே 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், பயிரிடப்படாத நிலமென்று கூறி அரசுடைமையாகக் கருதியது. கோப்பித் தோட்டங்கள் பெருகின. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவரெனக் கூறப்படுகிறார். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இன்று ஹோர்ட்டன் சமவெளியில் யானைகள் இல்லை. அதே நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் குடியானவர் வெளியேற்றப்பட்டு, அந்நிலங்கள் செம்மறிக்கும் பின்னர் செல்வரின் வேட்டைக்கும் விடப்பட்டன. இலங்கையின் தோட்டத்துரைமாருள் ஸ்கொட்லாந்தவர் பலர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஈரிடத்தும் ‘வெறுமை’ என்பது இயற்கையின் பண்பன்று. உடைமை உறவின் விளைவேயாகும்.

அவ்வெண்ணம் குடியேற்ற ஆட்சியோடு ஒழியவில்லை. 1970களிலும் 1980களிலும் பத்தனைகள் பல, வெற்று நிலமாகக் கொள்ளப்பட்டுப் பைன் மரங்களால் மூடப்பட்டன. பைன் ஊசியிலை படிந்த நிலத்தில் முன்பிருந்த புல்லின் செழுமையைக் காண இயலாது.

தேயிலை மண்ணைக் காக்க மானாப் புல் அறுத்தவர்களும், விறகுக்காக மலையேறியவர்களும் இந்நிலத்தின் செடிகளையும் விலங்குகளையும் பெயர்சொல்லி அறிந்தவர்கள். அவ்வறிவில் பெரும்பகுதி இன்னும் ஏட்டில் ஏறவில்லை. அம்முதியோரோடு பத்தனைக்குச் சென்று, ஒவ்வோர் உயிரின் பெயரையும் பயனையும் பதிவு செய்வது நம் ஆய்வுக்குரிய உடனடிப் பணியாகும். பெயர் அறியப்படாத நிலத்தைத் தரிசென்று கொள்வது எளிது.