கார் கண்ணாடிக்குப் பிலிம் ஒட்டும் கடை வைக்கலாமா?

சென்ற மாதச் செயற்குழுக் கூட்டம் முடிந்து காபி வந்த நேரம். நம் சங்கத்து மளிகைக் கடை அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணாச்சி, என் கடைக்குப் பக்கத்து அறை காலியாகக் கிடக்கிறது. பையன் அதில் கார் கண்ணாடிக்குப் பிலிம் ஒட்டும் கடை வைக்கிறேன் என்கிறான். மூன்று லட்சம் கேட்கிறான். கொடுக்கலாமா?" என்றார். நின்றபடி சொல்லி முடிக்கிற சங்கதி அல்ல. ஆகவே எழுதுகிறேன். இப்படி யோசிக்கும் பிள்ளைகள் வேறு சில வீடுகளிலும் இருக்கலாம்.

ரெக்சின், சீட் கவர், பிலிம் ஆகியவற்றைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கி மதுரையில் மொத்தமாக விற்பது என் தொழில். 2003 முதல் ஒரு மாஸ்டர், ஒரு பையனை வைத்து ஒட்டும் கடையும் நடத்துகிறேன்.

முதலில் சட்டம். இந்தத் தொழிலில் பணம் போவது அங்கேதான். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம். அந்த அளவுக்குள் பிலிம் ஒட்டலாம் என்றுதான் நாங்கள் எல்லாரும் எண்ணியிருந்தோம். 27-4-2012 அன்று உச்ச நீதிமன்றம், எந்தச் சதவீதப் பிலிமும் ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. மே 4 முதல் அமல். அக்னி நட்சத்திரம் பிறக்கிற சமயம். எங்களுக்கு அதுதான் தீபாவளி. பங்குனியிலேயே வாங்கிப் போட்ட 41 சுருள்கள் என் கிடங்கில் இருந்தன. இரண்டு மாதத் தவணை பில். சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். திரும்ப எடுக்கக் கேட்டேன், கையை விரித்துவிட்டார்கள். வீட்டு நகை வங்கிக்குப் போய்த்தான் அந்தப் பில் தீர்ந்தது.

1-4-2021 முதல் அந்த 100ஆம் விதி திருத்தப்பட்டது. பிலிமோடு சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடிக்கும் அதில் இடம் கிடைத்தது. அளவு மட்டும் அதே 70, 50. இதை வைத்துக் கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில், அளவுக்கு உட்பட்ட பிலிமை ஒட்டலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களில் நம்மைப் போல ஒட்டும் கடைக்காரரும் உண்டு. அது அங்கே செல்லும். இங்கே அதை எடுத்துக் காட்டலாம். சாலையில் நிறுத்தும் காவலர் அதைப் படித்திருப்பார் என்று நம்பிக் கடை வைக்க முடியாது.

அடுத்தது எல்லாரும் ஏமாறும் கணக்கு. "பக்கக் கண்ணாடிக்கு 50 சட்டப்படி சரி, 50 பிலிம் போடு" என்று வாடிக்கையாளர் சொல்வார். காரின் கண்ணாடியே வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்கை நிறுத்திக்கொள்கிறது. 75 விடும் கண்ணாடியில் 50 பிலிமை ஒட்டினால் நிற்பது 37½. மீட்டர் வைத்த உடனே பிடிபடும். அதே கண்ணாடியில் 70 பிலிம் ஒட்டினால் 52½ வரும், தப்பிக்கலாம். முன் கண்ணாடியில் 70 நிற்க வேண்டுமானால் 94க்கு மேற்பட்ட பிலிம் வேண்டும். அதனால் முன் கண்ணாடியை நான் தொடுவதே இல்லை. இந்தப் பெருக்கல் தெரியாமல் கடை நடத்துகிறவர்கள் ஊரில் பாதிப்பேர். பையன் முதலில் வாங்க வேண்டியது ஹீட் கன் அல்ல, வெளிச்சம் அளக்கும் மீட்டர். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து இரண்டு எண்ணையும் பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கறுப்பாகத்தான் வேண்டும் என்று கட்சிக் கொடியோடு வண்டிகள் வரும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். அபராதம் விழுந்தால் அவர் பார்த்துக்கொள்ள மாட்டார், நம் கடை வாசலில் வந்துதான் நிற்பார். இல்லை என்று சொல்லி அனுப்பிய வண்டி மறுநாள் எதிர்க் கடையில் கறுப்பாகி என் கடை வழியே போனதும் உண்டு. வயிறு எரியத்தான் செய்யும்.

இனி சரக்கு. 60 அங்குல அகலம், 100 அடி நீளம் ஒரு சுருள். துவரம்பருப்பில் புடைத்த கழிவு போல இதில் வெட்டிய கழிவு. லாபம் அதில்தான் ஒளிந்திருக்கிறது. பெரிய கண்ணாடியை முதலில் வெட்டி, மிஞ்சிய துண்டில் பின்கதவு ஓரத்து முக்கோணக் கண்ணாடியை எடுக்கிற மாஸ்டர் ஒரு சுருளில் ஒரு கார் கூடுதலாக ஒட்டுவார். வண்டி வகை வாரியாக அட்டையில் அச்சு வெட்டி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். மலிவுச் சாயப் பிலிம் இரண்டு கோடையில் ஊதா நிறமாகிக் குமிழ் விடும். திட்டு விழுவது ஒட்டியவருக்குத்தான். உலோகப் பூச்சுள்ளது வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் செல்போன், வழிகாட்டிக் கருவிகளின் சிக்னலைக் குறைக்கும். செராமிக் வகையில் அந்தத் தொல்லை இல்லை, விலைதான் அதிகம். இரண்டு வகைக்கு மேல் இருப்பு வேண்டாம்.

வேலையின் எதிரி தூசி. காலையில் தரையைக் கழுவி ஈரமாகவே விடுங்கள். ஒட்டும்போது மின்விசிறி கூடாது. எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஒட்டிப் பார்த்தேன். காய்ந்ததும் பிலிமுக்குள் உப்புப் புள்ளி. அன்று முதல் கேன் தண்ணீரும் சில சொட்டுக் குழந்தை ஷாம்பூவும்தான். தேர்க்கால் போல வளைந்த பின் கண்ணாடிக்குப் பிலிமை வெளிப்புறத்தில் வைத்துச் சூடு காட்டிச் சுருக்கி, பிறகே உள்ளே ஒட்ட வேண்டும். அதைக் கற்க ஒரு பையனுக்கு ஆறு மாதமாவது ஆகும். ஒட்டிய பின் மூன்று நான்கு நாள் கண்ணாடியை இறக்கக் கூடாது. இதை வாயால் சொன்னால் மறப்பார்கள். சுவிட்சின் மேல் ஒரு சிறு சீட்டு ஒட்டி அனுப்புகிறேன். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் ஆகாது என்பதும் அந்தச் சீட்டிலேயே உண்டு.

2012 மே, ஜூனில் எங்களுக்குச் சோறு போட்டது உரிக்கும் வேலை. ஒட்டக் கூலி வாங்கிய வண்டிக்கே உரிக்கவும் கூலி வாங்கினோம். அந்த அவசரத்தில் ஒரு பின் கண்ணாடியைப் பையன் பிளேடால் சுரண்டிவிட்டான். பனி நீக்கும் செம்பழுப்புக் கோடுகள் அறுந்துபோயின. புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கோடுள்ள கண்ணாடியில் பிளேடே கூடாது. சோப்புத் தண்ணீர் தெளித்து, கறுப்புப் பாலிதீன் போர்த்தி வெயிலில் நிறுத்தினால் பசை தானே இளகும்.

அந்தப் பணத்தைப் பையன் சம்பளத்தில் பிடித்தேன். அது நான் செய்த பெரிய தவறு. அதன்பின் அவன் பிழை செய்தால் மறைக்கத் தொடங்கினான். மடிப்பு விழுந்த பிலிமைச் சீட்டுக்குப் பின்னால் வருமாறு வைத்து ஒட்டிவிடுவான். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்த்தான் கண்டுபிடிப்பார். மறு ஒட்டுச் செலவு கடையுடையது என்று அறிவித்த பிறகே அவன், "மொதலாளி, இது சரியா வரலே" என்று அவனாக வந்து சொன்னான். இன்று அவன்தான் என் மாஸ்டர். மாதச் சம்பளம் போக வண்டிக்கு இவ்வளவு என்று பங்கும் உண்டு.

கிடங்கில் தூங்கிய அந்த 41 சுருள்களைக் காப்பாற்றியது கட்டிடம். வாகன விதி வீட்டு ஜன்னலுக்குக் கிடையாது. மேற்குப் பார்த்த வீடுகள், மருத்துவமனைகள், கணினி மையங்கள் என்று அலைந்து இரண்டு ஆண்டுகளில் தீர்த்தேன். பெரிய கடைக் கண்ணாடியில் கருமையான பிலிம் ஒட்டும்போது எச்சரிக்கை வேண்டும். பாதி வெயிலும் பாதி நிழலும் விழுந்தால் சூடு ஏறிக் கண்ணாடியே வெடித்துவிடும். இப்போது என் வரவில் கட்டிட வேலை காருக்குச் சமம். புதிதாகத் தொடங்குகிறவர் இரண்டையும் சேர்த்தே தொடங்கட்டும்.

கடன் பற்றி மளிகைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய கார் வியாபாரிகள் மட்டும் மாதம் பத்து வண்டி அனுப்பி, பத்துக்கும் பாக்கி வைப்பார்கள். மூன்றாவது வண்டிக்கு முன் முதலாவதின் பணம் வரட்டும்.

கடைசியாக அந்த அன்பரின் அறையை நேரில் போய் அளந்தோம். நீளம் 21 அடி; போதும். அகலம் ஒன்பதரை அடி. கார் ஐந்தரை அடி. இருபுறமும் கதவைத் திறந்து ஆள் நிற்கப் பன்னிரண்டாவது வேண்டும். நடுச்சுவரை எடுக்க முடியுமா என்று கட்டிட உரிமையாளரைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பணத்தை எடுக்க வேண்டாம். பையன் மூன்று மாதம் என் கடைக்கு வந்து தண்ணீர் தெளிக்கட்டும் என்றேன். வருகிற திங்கட்கிழமை வருகிறான்.