பச்சைக் குழந்தையின் முதுகில் கட்டியா? அழுத்தாதீர்கள்!



பிரசவம் கஷ்டப்பட்டு நடந்தது. பிள்ளை பிறந்ததும் அழவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிப்பாட்டும்போது முதுகில் தோலுக்கு அடியில் கல்லு மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது. மேலே சிவந்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறது. பிட்டம், தோள், தொடை, கன்னத்திலும் இப்படி வரலாம். பெரும்பாலும் பிறந்த முதல் சில வாரங்களுக்குள் தெரியும். இது கண் பட்டதால் வந்ததல்ல; தாய் சாப்பிட்ட பண்டத்தால் வந்ததும் அல்ல. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு கெட்டு இறுகியிருக்கிறது.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகிறதல்லவா? பச்சைக் குழந்தையின் கொழுப்பும், பெரியவர்களின் கொழுப்பைவிடச் சீக்கிரம் உறையக்கூடியது. பிறக்கும்போது மூச்சுத் திணறினாலும், உடம்பு சில்லிட்டாலும் அது பாதிக்கப்படும். மூச்சுத் திணறிய சில குழந்தைகளுக்கு மூளையைக் காப்பாற்ற 72 மணி நேரம் உடம்பைக் குளிர வைத்து வைத்தியம் செய்வார்கள். அதற்குப் பிறகும் கட்டி வருவதுண்டு. அதற்காக அந்த வைத்தியத்தைக் குறை சொல்லாதீர்கள். கட்டி கரைந்துவிடும், மூளைக்கு வந்த சேதம் கரையாது.

நான் போன ஒரு வீட்டில் பாட்டியம்மா உப்பு ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தார். பாசந்தான். ஆனால் பிள்ளையின் தோல் வெந்துபோயிருந்தது. ஒத்தடம், பற்று, சூடு, கீறல் எதுவும் வேண்டாம். சில வாரங்களில், சில சமயம் சில மாதங்களில், தானாகவே கரையும்.

"அப்படியானால் டாக்டரிடம் எதற்குப் போகணும்?" என்று கேட்பீர்கள். கட்டி கரையும் காலத்தில் சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், அளவுக்கு மீறி ஏறிவிடும். பிள்ளை சரியாகப் பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், மலம் கட்டும், சோர்ந்து கிடக்கும், அதிகமாக மூத்திரம் போகும், எடை ஏறாது. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் கெடும். கட்டி மறைந்த பிறகும் இது வரலாம். ஆகவே டாக்டர் சொல்லும் நாட்களில், சுமார் 6 மாதம் வரைக்கும், ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுத்துவந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். தாய்ப்பாலை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சீழ் வைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அது வேறு நோயாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பிள்ளையின் அப்பாவும் வேலையைக் காட்டி நாள் தள்ளாமல் கூடப் போகவேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள். பிறந்தபோது என்ன நடந்தது என்று அதில்தான் எழுதியிருக்கும்.